பதில் ஆள் கொடுத்த ரத்தம்

என் கையெழுத்து அழகானது. என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவிகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. வீடும் மனைவியும் பாலக்காட்டில். நானும் நாலு பெட்டி புத்தகமும் இங்கே குவார்ட்டர்ஸில். நிறையப் படிக்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்த வியாதியைப் பற்றிப் படித்தாலும் மறுநாள் அது வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதுக்குள் எனக்கு வராதது பிரசவ வலி மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் காட்டிய வழியில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி போட்டு ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் அங்கே இருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்ஸக்கா.

"நேத்து என்ன சாப்பிட்டீக, சார்?"

"உருளைக்கிழங்கு போண்டா."

"எத்தன?"

"எண்ணலை."

"எந்திரிச்சு நில்லுங்க. வெக்கப்படாம ஏப்பம் விடுங்க."

விட்டேன். மாரடைப்பு போய்விட்டது.

நர்ஸக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழமை என்ன செய்வீக?"

"படிப்பேன்."

"அப்ப சும்மாதான் இருக்கீக. எழுத்து எப்படி இருக்கும்?"

என் கையெழுத்தைப் பற்றி ஒருவர் தானாகக் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அங்கேயே விழுந்துவிட்டேன்.

நர்ஸக்காவின் திட்டம் எளிமையானது. இந்த மலையில் தேயிலைத் தோட்டத்தில் நிரந்தர வேலை என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி உண்டு. ரேஷன் கார்டு ஏழைகளுக்கென்று வைத்த நிறத்தில் இருந்தால் அரசாங்க இன்சூரன்ஸ் உண்டு. சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறித் தினக்கூலிக்குப் போகிற பெண்கள் பலருக்கு இரண்டும் இல்லை. சிலருடைய ரேஷன் கார்டு மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தூங்குகிறது. சிலருக்கு எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரை, அதற்கும் மேலே போனால் ஜெபம். ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை சாந்தன்பாறையில் சர்ச் ஹாலைக் கேட்டு வாங்கி, மூணாறிலிருந்து ஓர் இளம் டாக்டரம்மாவையும் ரத்தம் எடுக்க லேபிலிருந்து இரண்டு பேரையும் வரவழைப்பது. பணம் கிடையாது. பெயர் எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

முதல் முகாமுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டாவதற்குப் பதினாறு. மூன்றாவது முகாம் ஆவணி மழையில் நடந்தது. அன்றைக்குக் கூட்டமென்றால் கூட்டம்! வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை. எல்லார் தலையிலும் முதுகை மூடிய பிளாஸ்டிக் கொங்காணி, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நர்ஸக்காவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். டாக்டரம்மாவுக்கு டீ குடிக்க நேரமில்லை. நானோ, பெரிய மைதானத்தில் ஆட இறங்கியவன் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரில் எட்டுக் கட்டங்கள், எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவை.

"பேரு?"

சொன்னார்கள். எழுதினேன்.

"வயசு?"

சொன்னார்கள். எழுதினேன். ட்யூபில் ஒட்டுகிற சீட்டிலும் அதையே எழுதினேன். ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுப்பதும் என் இலாகாதான். குனிந்த தலை நிமிராமல் மாலை நாலு மணி வரை எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அன்று தூங்கப் போகும்போது அந்த ரிஜிஸ்டரை மேஜைமேல் விரித்து வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். இதைவிட வெட்கமான காரியங்களும் செய்திருக்கிறேன், ஆனால் அதிகமில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார்.

"சார், லேபுல மெஷின் கோளாறுன்னு நினைக்கிறேன். மூணு பேருக்கு ஹீமோகுளோபின் ஒரே மாதிரி வந்திருக்கு. நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி ஒன்பது, மறுபடி நாலு புள்ளி எட்டு."

"அது குறைச்சலா?"

"பன்னண்டு இருக்கணும். நாலு வெச்சுக்கிட்டு ஒருத்தர் நடமாடினாலே ஆச்சரியம். மூணு பேர் ஒரே நாள்ல மலையேறி வந்தாங்கன்னா, மெஷின்தான்."

டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை அனுப்பிய போனை எடுத்துக்கொண்டு நர்ஸக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று ரிப்போர்ட்டையும் அப்படியே கீழே வரைக்கும் படித்தார். சர்க்கரை அளவு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்று. ரத்த வகை மூன்றிலும் ஒன்று. ரிப்போர்ட்டில் இருந்த மூன்று பெயர்கள் மட்டும் வேறு வேறு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் நர்ஸக்கா. "இது மூணு பேரில்ல. ஒரு ஆளு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ துப்பறியும் கதைகள் படித்திருக்கிறேன். எதிலும் நான் ஒரு பாத்திரமாக வந்ததில்லை.

"ஒரு ஆள் எதுக்கு மூணு பேர்ல ரத்தம் கொடுக்கணும்?"

"அத அந்தப் பேருக்காரிககிட்டதான் கேக்கணும். காலையில ஜீப்பு கெளம்புறதுக்கு முன்ன போயிரணும். ஒண்ணு கேட்டுக்கிடுங்க சார். நாலுல இருக்கிறவ இன்னிக்கு நடப்பா, நாளைக்கும் நடப்பா. எந்த நிமிசம் சாய்வான்னு யாரும் சொல்ல முடியாது. ஏலக்காடு எல்லாம் சரிவு."

அன்று மாலையே லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: உடல்நலம். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்தக் கட்டத்தில் நான் உண்மையை எழுதியது அன்றுதான். யாருடைய உடல் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

மறுநாள் காலை சாந்தன்பாறை ஜீப் ஸ்டாண்டில் நானும் நர்ஸக்காவும் நின்றோம். மூடுபனி இறங்கி நின்றது. பெண்கள் தூக்குவாளியோடு வந்து வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெயர்களில் முதல் பெயருக்கு உரியவரை நர்ஸக்காவுக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஆகிருதி. ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் இன்னொருத்தியின் தூக்குவாளி. இவருக்கு நாலு புள்ளி எட்டு என்றால் எனக்கு மைனஸில்தான் இருக்க வேண்டும்.

"நீங்கதானே சனிக்கிழமை முகாமுக்கு வந்தது?" என்றேன்.

"இல்லையே சார். சனிக்கிழமை எனக்கு வேலை."

"உங்க பேர் ரிஜிஸ்டரில் இருக்கே!"

"ஆமா சார். நாந்தான் பதில் ஆள் அனுப்பிச்சேனே."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. நர்ஸக்கா நெற்றியில் அறைந்துகொண்டார்.

ஜீப்பின் வழக்கம் இப்படி. ஒவ்வொரு ஜீப்புக்கும் இன்னின்னார் என்று ஒரு பட்டியல். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் இடம் போய்விடும். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சாவு, எது வந்தாலும் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்ப வேண்டும். தோட்டத்தில் பெயர் கூப்பிடும்போது வந்தவள் தன் பெயரைச் சொல்லமாட்டாள். யாருடைய நாளோ அவள் பெயரைச் சொல்வாள். கங்காணிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இந்த மலையில் ஒரு பெண்ணிடம் "பேரு?" என்று கேட்டால் "நீ யார்?" என்று அர்த்தமில்லை. "இன்றைக்கு நீ யாருக்காக வந்திருக்கிறாய்?" என்று அர்த்தம். நான் கேட்டேன், அவர்கள் உண்மையான பதிலைச் சொன்னார்கள். நாலு மணி வரைக்கும் உட்கார்ந்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், யாருடைய ரத்தம் யாருடையது என்றே தெரியாத ஒரு ரிஜிஸ்டரை நான் தயாரித்திருக்கிறேன்.

"ஏம்மா, வேலைக்குப் பதில் ஆள் சரி. ரத்தப் பரிசோதனைக்குமா?"

"என்ன சார் பண்றது? இலவசம்னாக. விட்ட மாதிரியும் ஆகக்கூடாது, வேலையும் போகக்கூடாது. எம்பேரு ரிஜிஸ்டர்ல இருந்தாப் போதும்னு நெனச்சேன்." அவர் குரல் தாழ்ந்தது. "எனக்குச் சர்க்கரை இல்லைதானே சார்?"

"உனக்கு என்ன இருக்குன்னு அந்த ஏசப்பாவுக்குத்தான் தெரியும்" என்றார் நர்ஸக்கா. "யார அனுப்பிச்ச, அதச் சொல்லு."

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டார். ஜீப் டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. சீக்காளி என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் எந்த ஜீப்பிலும் ஏற்றமாட்டார்கள். சரிவில் விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது? இவர் வாயைத் திறந்தால் அவள் பிழைப்பு போய்விடும்.

நர்ஸக்கா அவரைத் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் காதில் ஏதோ சொன்னார். அந்த ஆகிருதி அப்படியே தளர்ந்தது. திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது.

"எம்பேர்ல மட்டுமில்ல சார். எங்க மதினிக்கும், பக்கத்து லயத்து வீட்டுக்காரிக்கும் அவதான் கொடுத்தா. அன்னிக்கு அவளுக்கு ஒரு ஜீப்புலயும் எடம் கெடைக்கல. சும்மாதான இருக்கேன்னு அவளே சொன்னா."

"அவ பேரென்ன?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியலையே சார். அந்தப் பக்கத்துலருந்து வந்தவ. எந்த ஜீப்புலயும் அவ பேரு கெடையாது. யாரு வரலையோ அவுகளுக்காகப் போவா. 'ஏ பதிலு'ன்னு கூப்பிட்டா திரும்புவா."

"இப்ப எங்கே?"

"மேல்காட்டு ஜீப்பு. இப்பத்தான் போச்சு."

மேல்காட்டுக்கான அடுத்த ஜீப்பில் பாய்ந்து ஏறினேன் என்று எழுத ஆசை. இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். பதினாலு பேருக்கு நடுவில், யாரோ ஒருவருடைய தூக்குவாளி என் விலாவில் குத்த, ஜீப் ரோடு இல்லாத ரோட்டில் ஏறியது. முதல் பெயர்க்காரர் என் எதிரில் உட்கார்ந்து, "வேகமாப் போண்ணே, வேகமாப் போ!" என்று டிரைவரை விரட்டினார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"எங்கே இருக்கேள்?" என்றாள் மனைவி, பாலக்காட்டிலிருந்து.

"ஜீப்பில. பதினாலு பொம்மனாட்டிகளோட."



"கார்த்தால மாத்திரை போட்டுண்டேளா?" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆனவர்கள் இப்படித்தான்.

மேல்காட்டில் முந்தின ஜீப்புக்குப் பெயர் கூப்பிட்டு முடித்து, அதில் வந்த எல்லாரும் செடிக்குள் நுழைந்துவிட்டிருந்தார்கள். ஏலச்செடி என் தலைக்கு மேல் நின்றது. அதன் அடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுக்கிற பெண்கள் தெரியவில்லை, கொங்காணிகள்தான் தெரிந்தன. எல்லாம் நீலம். அவளை "ஏ பதிலு" என்று கூப்பிட்டால் காட்டிக்கொடுத்ததாகும். பெயரோ யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மூன்று தடவை என் முன்னால் வந்து நின்ற முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கங்காணி வந்துவிட்டார். மலையாளி. "எந்தா சாரே, இவிடே?"

நர்ஸக்கா என்னைப் பார்த்தார். சொல்ல ஒரு பொய் வேண்டும். என்னிடம் இருந்தது உண்மைக்கு மிக அருகிலிருந்த ஒன்று.

"ரிஜிஸ்டரில் ஒரு தப்பு பண்ணிட்டேன். சனிக்கிழமை முகாமுக்கு வந்தவங்க கையெழுத்து மாறிப்போச்சு. ஒவ்வொருத்தரா பார்த்துச் சரி பண்ணணும். என் தப்புதான்."

கங்காணி என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "சர்க்கார் ஆபீஸ்ல இதொக்கே சாதாரணம் அல்லே" என்று வழிவிட்டார். என் உத்தியோகத்தின் கௌரவம் ஓர் உயிருக்கு உதவிய தருணம் அது.

வரிசை வரிசையாக ஏறினோம். நர்ஸக்கா ஒவ்வொரு பெண்ணின் உள்ளங்கையையும் கண் கீழ்மடலையும் பார்த்துக்கொண்டே போனார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னாலேயே, வழுக்கி விழுந்து எழுந்து, போனேன். அட்டைகள் என் காலில் ஏறத் தொடங்கின. மூன்றாவது வரிசையும் முடிந்தது. நாலாவதும். என் நெஞ்சு படபடத்தது. இந்தத் தடவை போண்டா காரணமில்லை. இவள் இப்போது, இந்த நிமிஷம், எந்தச் செடிக்கடியிலாவது சாய்ந்துகொண்டிருந்தால்?

"சார்! பிஸ்கட்டு சார்!"

நான் தாண்டி வந்துவிட்ட ஒரு செடிக்கடியிலிருந்து குரல். திரும்பினேன். நாற்பது வயதிருக்கலாம். மெலிந்த முகம், காகிதம் மாதிரி உதடு. சிரித்தாள். "நீங்கதான அன்னிக்குப் பிஸ்கட்டு தந்தது? என்ன, எங்க காட்டுக்கு வந்திருக்கீக?"

நான் யாரைத் தேடி வந்தேனோ அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று தடவை பார்த்திருக்கிறாள் அல்லவா.

நர்ஸக்கா அவள் கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தார். கைப்பிடித்து எழுப்பினார். நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கி அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

"மூணு தடவை ஏன்டி ரத்தம் கொடுத்த? உனக்கே இல்லாதப்ப?"

"கொஞ்சந்தானக்கா எடுத்தாக." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவுகளுக்கு வேலை போயிருமே."

"உம்பேர்ல ஒண்ணு கொடுக்க வேண்டியதுதான?"

"எம்பேரு எதுலயும் கெடையாதேக்கா. எழுதமாட்டாகன்னு நெனச்சேன்."

என் ரிஜிஸ்டர் அப்போது என் கையில் இருந்தது. அதை எங்கேயாவது வைக்க இடம் தேடினேன்.

அவள் எடுத்திருந்த காயை முதல் பெயர்க்காரர் தன் கூடையில் கொட்டிக்கொண்டு, "நீ போ, இன்னிக்கு ஒனக்குப் பதிலு நானு" என்றார். நாங்கள் வந்த ஜீப்பிலேயே இறங்கினோம். வரும்போது வேகமாக ஓட்டிய டிரைவர் திரும்பும்போது, யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிராமல் கேட்டார். "பேரு?" அந்தக் குனிந்த தலையை எனக்கு நன்றாகத் தெரியும்.

இவள் என்னைப் பார்த்தாள். "யாரு பேரைச் சொல்லட்டும், சார்?"

"உன் பேரைத்தான்மா."

சொன்னாள். மெதுவாக, சரியாக இருக்கிறதா என்று தானே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

"இன்சூரன்ஸ் கார்டு?" இல்லை. "ரேஷன் கார்டு?" இல்லை. கவுன்ட்டர் பெண் இப்போது நிமிர்ந்தார். நர்ஸக்கா என் போனில் இருந்த ரிப்போர்ட்டை நீட்டினார். கவுன்ட்டர் பெண் அந்த எண்ணைப் படித்தார், அவளைப் பார்த்தார், "கார்டெல்லாம் பின்னாடி பாக்கலாம், முதல்ல உள்ளே கொண்டுபோங்க" என்று தானே எழுந்து சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம், இடம்தான் கிடைக்காது.

ரத்தம் ஏற்ற வேண்டும். எடுக்கிற பாட்டிலுக்குப் பதிலாக யாராவது ரத்தம் கொடுத்தால் நல்லது என்று ரத்த வங்கியில் சொன்னார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். பிரஷர் பார்த்தார்கள். மறுபடி பார்த்தார்கள். "சார், நீங்க கொடுக்க வேண்டாம். முதல்ல டாக்டரைப் பாருங்க." என் நாலு பெட்டி புத்தகத்திலிருந்து நான் வரவழைத்துக்கொண்ட வியாதிகளில் ரத்த அழுத்தம் இருந்ததில்லை. மிகவும் சாதாரணமானது என்று ஒதுக்கியிருந்தேன். அன்றைக்கு என் ரத்தத்தை ஏற்றுக்கொண்டது அட்டைகள் மட்டும்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்த மூன்று பெயர்க்காரர்களும் இறங்கினார்கள். வேலைக்கு அவர்களுக்குப் பதிலாக யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. மதினிக்கு எடை போதவில்லை. பக்கத்து லயத்துக்காரருக்கு ஹீமோகுளோபின் ஒன்பதுதான் என்று, கடைசியில் அவர் சொந்த ரத்தத்திலேயே, தெரியவந்தது. மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். முதல் பெயர்க்காரர் தேறிவிட்டார். கூடவே ஜீப் டிரைவரும். படுத்துக்கொண்டு ரத்தம் கொடுத்தபடியே அவர் கேட்டார், "எனக்குச் சர்க்கரையும் பாத்துருங்களேன், என் பேர்லயே."

இப்போது முகாம் சர்ச் ஹாலில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஜீப் ஸ்டாண்டிலேயே, ஜீப் கிளம்பும் முன், ஒரு தார்ப்பாய்க்கு அடியில் நடக்கிறது. யாரும் வேலையை விட வேண்டாம், பதில் ஆளும் வேண்டாம். டிரைவர்கள் கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டை யார் வீட்டுக்கும் அனுப்புவதில்லை. நர்ஸக்கா காதோடு காதாகச் சொல்கிறார். கவுன்ட்டர் பெண் சொல்லிக்கொடுத்தபடி, கார்டு இல்லாதவர்களுக்கு மனு எழுதுவதும் நான்தான். அடித்தல் திருத்தல் நிறைய வருகிறது. குனிந்து எழுதினால் முகம் தெரிவதில்லை, நிமிர்ந்து எழுதினால் கோடு கோணுகிறது.

போன மாதம் அந்த வரிசையில் அவளும் வந்து நின்றாள். உதட்டில் நிறம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த கணக்கில் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டிவிட்டது.

நான் முதலில் முகத்தைப் பார்த்தேன். "பேரு?"

சொன்னாள். எழுதினேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு மூணு தந்தீகளே சார்?"

"அன்னிக்கு நீ மூணு பேரா வந்தே."

"சரியான ஆளு சார் நீங்க" என்று சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். பட்டியலில் இப்போது அவள் பெயர் இருக்கிறது.